இழுத்தால் கையோடு வரும் வயர்

என் மின் குக்கரில் பின்பக்க இடது தட்டு சூடாகவில்லை. நாபைத் திருப்பினால் சிவப்பு விளக்கு மட்டும் ஒழுங்காக எரிகிறது. தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்தும் பாத்திரத்தின் அடி வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. ரெண்டு நாள் கழித்து ஓவன் கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினேன். அதுவரை செத்துக் கிடந்த தட்டு சூடேற ஆரம்பித்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். மின்சாரம் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் வயிற்றைக் கலக்கும் என்பது அன்று எனக்குத் தெரியாது.

குக்கர் என்றதும் நம் காதில் விசில்தான் கேட்கும். நான் சொல்வது அது இல்லை. தரையில் நிற்கும் மின் அடுப்பு. கீழே ஓவன், மேலே ஹாப், ஹாப்பில் நான்கு தட்டுகள், முன்பக்கம் வரிசையாக நாப்கள். வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை, நானும் பார்த்ததில்லை.

மாமாவுக்குப் போன் போட்டேன். மோட்டார் வைண்டிங்கில் ஆரம்பித்து, வயரிங், பேனல் போர்டு என்று வாழ்நாள் முழுக்க இதே வேலையில் இருந்தவர். பொறுமை கொஞ்சம் கம்மி.

"மாமா, லைட் எரியுது, தட்டு சூடாகல."

"ரெகுலேட்டர் போயிருக்கும் மாப்ள. மாத்திரு."

"கதவை டப்புனு சாத்தினா வேலை செய்யுது மாமா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்ப அது லூஸ் கனெக்‌ஷன். மெயினை அணைச்சுட்டுத் திறந்து பாரு. அணைக்காம உள்ள கையை வச்சேன்னா அப்புறம் எங்கிட்ட பேசாத."

விளக்கு எரிந்ததும் தட்டு சூடாகாததும் ஒன்றுக்கொன்று முரண் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முரண் இல்லை. பெரும்பாலான அடுப்புகளில் விளக்குக்கான வயர், நாபுக்குப் பின்னால் இருக்கும் ரெகுலேட்டரில் இருந்தே தனியாகப் பிரிந்து போகும். நாபைத் திருப்பியாச்சு என்று மட்டும்தான் அந்த விளக்கு சொல்கிறது, தட்டுக்குக் கரண்ட் போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. அதனால் விளக்கு எரிந்து தட்டு சூடாகாவிட்டால், விளக்குக்குப் பிரிந்த இடத்துக்கு அப்பால் எங்கோ கோளாறு என்று கொள்ளலாம். ரெகுலேட்டரின் வெளிவாசல், அங்கிருந்து தட்டுக்குப் போகும் வயர், தட்டுக்குள் சூடாகும் கம்பியான எலிமென்ட், திரும்பி வரும் வயர் ஆகிய நான்கில் ஒன்று.

ரெகுலேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாது. ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி கரண்டைக் கூட்டிக் குறைக்கும் என்று நம்பியிருந்தேன். உள்ளே இருப்பது ஒரு ஈருலோகப் பட்டை. இரண்டு உலோகங்களை ஒட்டிய சின்னத் தகடு. சூடானால் வளையும், ஆறினால் நிமிரும். அதன் பக்கத்திலேயே அதைச் சூடாக்க ஒரு குட்டிக் கம்பி. வளையும்போது தட்டுக்கான கரண்ட் அறும், நிமிரும்போது சேரும். நாபை நடுவில் வைத்தால் பாதிக் கரண்ட் போவதில்லை. முழுக் கரண்டுதான், ஆனால் கொஞ்ச நேரம் போகும், கொஞ்ச நேரம் நிற்கும். அடுப்புப் பக்கத்தில் நின்றால் கேட்கும் அந்த 'டிக்' இதுதான்.

ஒரு வேளைச் சமையலுக்குள் எத்தனையோ தடவை கரண்ட் வந்து வந்து அறுகிறது. ஒவ்வொரு தடவையும் வயரின் முனையும் அது மாட்டியிருக்கும் டெர்மினலும் சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்குகின்றன. இதை வருடக்கணக்கில் செய்தால் எதுதான் இறுக்கமாக இருக்கும்? போதாக்குறைக்கு ஓவன் கதவு சாத்தும் அதிர்ச்சி, ஓவன் விசிறியின் நடுக்கம், சுத்தம் செய்ய அடுப்பை இழுத்து நகர்த்தும் ஆட்டம்.

சரி, திறந்த கதைக்கு வருகிறேன்.

சுவரில் அடுப்புக்கென்று இருக்கும் இரட்டைத் துருவ சுவிட்சை அணைத்தேன். போர்டில் எம்சிபியையும், அதாவது கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக இறங்கும் சுவிட்சையும், இறக்கினேன். பிறகு மீட்டர். இதில் மாமா ஒரு வழக்கம் வைத்திருக்கிறார், அதை அப்படியே செய்தேன். கரண்ட் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த ஓரிடத்தில் முதலில் மீட்டரை வைத்துப் பார், பிறகு வேலை செய்யும் இடத்தில் பார், மறுபடி அந்த முதல் இடத்துக்கே வந்து பார். நடுவில் மீட்டரே செத்துப்போயிருந்தால் மூன்றாவது தடவை காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்தில் கொண்டுபோனாலே கத்தும் பேனா டெஸ்டரை மட்டும் நம்பி கையை வைப்பது அவர் பார்வையில் தற்கொலைக்குச் சமம்.

ஹாப்பின் தகடு இரண்டு ஸ்க்ரூவில் நிற்கிறது. கழற்றித் தூக்கினால் கார் பானெட் மாதிரி திறந்துகொள்கிறது. தகட்டின் உள்விளிம்பு பிளேடு போல இருக்கும், கையுறை இல்லாமல் விட்டால் வேலை முடிவதற்குள் நாலு கோடு நிச்சயம். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிந்தேன்.

உள்ளே வெள்ளை வயர்களின் கற்றை. சாதாரண வீட்டு வயரின் பிவிசி உறை 70 டிகிரிக்கானது, இந்த இடத்தில் அது உருகிவிடும். இவை சிலிகான் ரப்பர் உறை போட்டவை, 180 டிகிரி வரை தாங்கும். தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும். இருந்தன, ஒன்றைத் தவிர. பின்பக்க இடது ரெகுலேட்டரிலிருந்து புறப்படும் வயரின் கடைசி மூன்று சென்டிமீட்டர் மட்டும் பழுப்பேறி இருந்தது. விரலால் வளைத்தேன். காய்ந்த சருகு மாதிரி உறை நொறுங்கிக் கொட்டியது. உள்ளே செம்பு இழைகள் கருநீலமாக இருந்தன.

ரெகுலேட்டரின் பின்னால் தட்டையான நாக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும், அகலம் 6.3 மில்லிமீட்டர், தடிமன் 0.8. வயரின் முனையில் லக் என்று ஒரு குட்டி உலோகக் கவ்வி இருக்கும், அதன் வாய் இந்த நாக்கைக் கவ்விப் பிடிக்கும். ஸ்க்ரூ கிடையாது, சால்டர் கிடையாது, லக்கின் இரண்டு ஓரங்களும் சுருண்டு கொடுக்கும் ஸ்பிரிங் பிடிப்பு மட்டும்தான். பழுப்பேறிய வயரை லேசாக இழுத்தேன். இழுத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, தொட்டேன். கையோடு வந்துவிட்டது.

கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமையில் நான் செய்த காரியம்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம். நோஸ் பிளேயரால் லக்கின் வாயை ஒரு நசுக்கு நசுக்கி, மறுபடி நாக்கில் செருகினேன். இறுக்கமாகத்தான் ஏறியது. மீட்டரில் பார்த்தேன், சுற்று முழுமை. மூடினேன். தட்டு சிவக்கச் சிவக்கச் சூடானது. மொத்தம் நாற்பது நிமிஷம். மாமாவுக்கு வெற்றிச் செய்தி அனுப்பினேன். அவர் பதில் ஒரே வார்த்தை: "நிக்காது."

மூன்று வாரம் நின்றது.

பிறகு ஒரு சாயங்காலம் வீட்டில் மீன் கவிச்சி அடித்தது. குப்பைக் கூடையைப் பார்த்தோம், ஃப்ரிட்ஜைப் பார்த்தோம், சிங்க்கின் குழாயைப் பார்த்தோம். எதிலும் இல்லை. சுவிட்சுகளிலும் டெர்மினல்களிலும் போடும் கெட்டி பிளாஸ்டிக்கில் சில வகைகள் அளவுக்கு மீறிச் சூடானால் இப்படித்தான் நாறும். மீன் இல்லாத வீட்டில் மீன் நாற்றம் வந்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு போக வேண்டிய இடம் சுவிட்சும் பிளக் பாயின்டும்தான். நாற்றம் நாப் பக்கம் வந்ததும் அதிகமானது. ஓடிப்போய் எம்சிபியை இறக்கினேன்.

எம்சிபி தானாக ஏன் இறங்கவில்லை என்ற கேள்வி அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன்.

தட்டு 2000 வாட். 230 வோல்டில் அது இழுக்கும் கரண்ட் 8.7 ஆம்பியர். எலிமென்டின் தடை ஏறக்குறைய 26.5 ஓம். இப்போது லூசான இணைப்பில் அரை ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் 8.5 ஆகக் குறையும், தட்டின் சூட்டில் வித்தியாசம் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த அரை ஓமில் மட்டும் கரண்டின் வர்க்கம் பெருக்கல் தடை, அதாவது சுமார் 36 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றின் சக்தி. கட்டைவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத இடத்தில், மூடிய பெட்டிக்குள், ஒரு சால்டரிங் அயர்னை ஆன் செய்து வைத்த மாதிரி.

சூடானால் பித்தளை லக்கின் ஸ்பிரிங் தளரும். தளர்ந்தால் தொடும் பரப்பு குறையும். உலோகத்தின் மேல் ஆக்சைடு படியும். தடை அரை ஓமிலிருந்து ஒன்றாகும். அப்போது 70 வாட். அந்தச் சூட்டில் இன்னும் தளரும். பாதுகாப்புக்கென்று வைத்திருக்கும் எதுவும் இதைப் பார்க்காது என்பதுதான் கொடுமை. எம்சிபி அதிகக் கரண்டுக்குக் காத்திருக்கிறது, லூஸ் இணைப்பில் கரண்ட் குறையத்தான் செய்கிறது. கரண்ட் கசிந்தால் அணைக்கும் ஆர்சிசிபி, போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று பார்க்கிறது, அதுவும் சமமாகத்தான் இருக்கிறது. எல்லாரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்ய, நடுவில் டெர்மினல் கருகுகிறது.

என் மீட்டரும் சேர்ந்து ஏமாற்றியிருக்கிறது. மல்டிமீட்டர் ஓம் அளக்க அனுப்புவது மில்லியாம்பியர் கணக்கிலான கரண்ட். அதற்கு ஒரே ஒரு செம்பு இழை தொட்டுக்கொண்டிருந்தாலே போதும், 0.3 ஓம் என்று காட்டிவிடும். அதில் பாதிக்கு மேல் மீட்டரின் வயரிலேயே இருக்கும் தடை. எட்டரை ஆம்பியர் போகும்போது அந்த ஒரு இழை என்ன பாடுபடும் என்று அதற்கு எப்படித் தெரியும்? எலிமென்ட் நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் மீட்டர் சரியான பதில் சொல்லும். இணைப்பு இறுக்கமா என்று அதனிடம் கேட்கக் கூடாது. அதைக் கண்ணிடமும் கையிடமும்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது தடவை திறந்தபோது நான் நசுக்கிய லக் முழுக்கக் கறுத்திருந்தது. ரெகுலேட்டரின் நாக்கு மயில்கழுத்து நிறத்தில் இருந்தது, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் பொரிந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மேல்பூச்சு போய் அடி உலோகம் வெளியே வந்ததுதான் மிச்சம். கருகிய நாக்கில் புது லக்கைச் செருகினால் புது லக்கும் சீக்கிரமே பழைய லக் ஆகிவிடும். ஆக, ரெகுலேட்டரையும் மாற்ற வேண்டியதாயிற்று.

"நான்தான் முதல்லயே ரெகுலேட்டர்னு சொன்னேன்ல" என்றார் மாமா. அன்றைக்கு அது நன்றாக இருந்தது, என் நசுக்கு வேலையில்தான் பாழானது என்று விளக்கப் போனேன். அவருக்கு அது தேவையில்லாத தகவல்.

வயரைக் கழற்றுவதற்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டேன், ஒவ்வொரு வயரிலும் காகித டேப் சுற்றி எண் எழுதினேன். ரெகுலேட்டரில் பி1, பி2 என்பவை கரண்ட் உள்ளே வரும் நாக்குகள், மற்றவை தட்டுக்கும் விளக்குக்கும். நாக்குகள் எல்லாம் ஒரே அளவு, எதை எதில் செருகினாலும் ஏறும் என்பதால் ஞாபகத்தை நம்ப முடியாது. கண்ணாடி ஹாப் என்றால் இன்னும் மோசம், 'சூடு இருக்கிறது' என்று எச்சரிக்கும் விளக்குக்கான வயரும் எலிமென்ட் வயரும் பக்கம் பக்கமாக இருக்கும். நாப்பில் படிப்படியாக எண்கள் கொண்ட பழைய இரும்புத் தட்டு அடுப்புகளில் ஒரே தட்டுக்குள் மூன்று எலிமென்ட், நான்கு வயர். அதில் ஒன்று கழன்றால் தட்டு முழுசாகச் சாகாது, சில எண்களில் சூடாகும், சில எண்களில் அரைகுறையாகும். ஆள் பைத்தியமாகிவிடுவார்.

கருகிய முனையை வெட்டிவிட்டு மிச்ச வயரிலேயே புது லக் அடிக்கலாம் என்பது என் திட்டம். பளிச்சென்ற செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போனேன். நாலு சென்டிமீட்டர் போய்விட்டது. வயர் எட்டியது, ஆனால் வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. விறைப்பாக நிற்கும் வயர் லக்கை எந்நேரமும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். நடுவில் ஒட்டுப் போடுவதா? இன்ஸுலேஷன் டேப்பின் பசை அந்தச் சூட்டில் வழிந்துவிடும். சால்டர் போடலாமா என்று யோசித்தேன். ஈயம் கலந்த சாதாரண சால்டர் 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், இதுவும் உதவாது. முழு வயரையே மாற்றினேன். 1.5 ஸ்கொயர் எம்எம், சிலிகான் உறை.

லக் விஷயத்திலும் ஒரு தடவை ஏமாந்தேன். எலக்ட்ரிக்கல் வேலைக்கு எல்லாரும் பயன்படுத்தும், நீல பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்ட லக்குகள் என் பெட்டியில் நிறைய இருந்தன. அவை வீட்டு வயரிங்குக்கு ஆகும், இங்கே அந்த ஸ்லீவே இளகிவிடும். வேண்டியது நிக்கல் பூசிய எஃகு லக், பிளாஸ்டிக் இல்லாதது, மேலே கண்ணாடியிழை ஸ்லீவ். பித்தளை மாதிரி இது சூட்டில் சீக்கிரம் ஸ்பிரிங்கை இழக்காது.

லக்கை வயரோடு அழுத்திச் சேர்க்கும் கிரிம்பிங்கை மட்டும் கொஞ்சம் நின்று சொல்லிவிடுகிறேன். லக்கின் வால்பகுதியில் இரண்டு ஜோடி இறக்கைகள் இருக்கும். முன்னால் இருப்பது செம்பைப் பிடிக்க, பின்னால் இருப்பது உறையைப் பிடிக்க. உறையை ஏழு மில்லிமீட்டர் உரித்து, இழை ஒன்றுகூட வெட்டுப்படாமல் பார்த்து, லேசாக முறுக்கி, உள்ளே வைத்து, கிரிம்பிங் பிளேயரால் அழுத்த வேண்டும். ராட்செட் வைத்த பிளேயர் முழு அழுத்தம் கொடுத்தபிறகுதான் வாயைத் திறக்கும், பாதியில் மனசு மாறினாலும் விடாது. சாதாரண கட்டிங் பிளேயரால் நசுக்கினால் இறக்கை மடங்கும், செம்போடு சேராது. நல்ல கிரிம்ப்பில் இழைகளுக்கு நடுவே காற்றுப் போக இடமிருக்காது. பின் ஜோடி சும்மா அழகுக்கு என்று நினைத்து முதல் லக்கில் உறையைச் சேர்க்காமல் விட்டுவிட்டேன். அதிர்வை வாங்கிக்கொள்வது அந்த ஜோடிதான், அது பிடிக்காவிட்டால் செம்பு இழைகள் கழுத்தில் ஒவ்வொன்றாக ஒடியும். வெட்டி எறிந்துவிட்டு மறுபடி அடித்தேன்.

அடித்த லக்கை ஒரு கையிலும் வயரை மறு கையிலும் பிடித்து நன்றாக இழுத்தேன். அசையவில்லை. நாக்கில் செருகும்போது கடைசியில் 'களுக்' என்று ஒரு உணர்வு வந்தது. லக்கின் உள்ளே இருக்கும் குட்டிப் புடைப்பு நாக்கின் துளையில் போய் உட்காரும் உணர்வு அது. நசுக்கிச் செருகிய அன்று அது வரவில்லை, வர வேண்டும் என்றும் அன்று தெரியாது.

திறந்ததுதான் திறந்தோம் என்று பின்பக்கத் தகட்டையும் கழற்றி, மெயின் வயர் வந்து சேரும் டெர்மினல் பிளாக்கைப் பார்த்தேன். ஒற்றை ஃபேஸுக்கும் மூன்று ஃபேஸுக்கும் ஒரே அடுப்பு பொருந்த வேண்டும் என்பதற்காக அங்கே பித்தளைப் பட்டைகளால் முனைகளை இணைத்திருப்பார்கள். அந்தப் பட்டையின் ஸ்க்ரூ தளர்ந்தால் நான்கில் இரண்டு தட்டு ஒரே நேரத்தில் சாகும், ஆள் இரண்டு ரெகுலேட்டரையும் சந்தேகப்படுவார். மூன்று ஃபேஸ் கொடுத்த அடுப்பில் நியூட்ரல் கழன்றால் அதைவிட ஆபத்து. இரண்டு ஃபேஸுக்கு நடுவே உள்ள 400 வோல்டை எலிமென்டுகள் தங்களுக்குள் சமமில்லாமல் பங்குபோட்டுக்கொள்ளும், ஒன்றுக்கு அளவுக்கு மீறி வோல்டேஜ் கிடைக்கும். என்னுடையது ஒற்றை ஃபேஸ், பட்டைகள் இறுக்கமாகத்தான் இருந்தன. மெயின் வயரின் இரண்டு ஸ்க்ரூ மட்டும் கால் சுற்றுக் கால் சுற்று ஏறின. ஓவன் தெர்மோஸ்டாட்டின் மெல்லிய செப்புக் குழாய் அந்தப் பக்கமாகத்தான் போகிறது, அதை மடக்காமல் கையை எடுப்பதற்குள் வேர்த்துவிட்டது.

மூடும் முன் மற்ற வயர்களையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். முன்பக்க வலது தட்டின் வயர், சொல்லி வைத்த மாதிரி, கையோடு வந்தது. அந்தத் தட்டைப் பற்றி ஒருநாளும் புகார் இருந்ததில்லை. காலையில்கூட அதில்தான் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தேன். அதன் நாக்கு இன்னும் நிறம் மாறவில்லை. அதனால் ஒரு புது லக்கோடு போயிற்று.

இந்த வேலையை எல்லாரும் செய்யலாம் என்று எழுத எனக்கு மனசில்லை. நிரந்தரமாக வயர் இணைத்த அடுப்பில் லைசென்ஸ் உள்ளவர்தான் கைவைக்கலாம் என்று சட்டமே போட்டிருக்கும் நாடுகள் உண்டு. மீட்டரை எங்கே வைப்பது என்ற யோசனை வந்தாலே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுவது நல்லது. அவர் வந்தாலும், லக்கை நசுக்கிச் செருகிவிட்டுக் கிளம்பினால் விடாதீர்கள்.

அடுப்பின் உடம்புக்கும் எர்த்துக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 0.3 ஓம். மீட்டர் வயரிலேயே 0.2 இருக்கும், ஆக அருமை. மூடி, கரண்ட் கொடுத்து, பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அரை மணி நேரம் முழுச் சூட்டில் ஓடவிட்டேன். மூக்கைக் கொண்டுபோய் ஒவ்வொரு நாப்பாக மோந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. ராத்திரி மாமாவே கூப்பிட்டார்.

"எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுது மாமா. எல்லா வயரையும் இழுத்துப் பாத்துட்டேன். இன்னொன்னும் லூசா இருந்துச்சு, மாத்தியாச்சு."

"எர்த்?"

"மீட்டர்ல பாத்தேன் மாமா, பாயின்ட் த்ரீ."

"மீட்டர்ல பாத்தியா."

அவர் வேறொன்றும் சொல்லவில்லை. எனக்குக் காது சுட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே மீட்டர்தான் இதே 0.3-ஐக் காட்டியது.

எம்சிபியை இறக்கிவிட்டுப் பின்தகட்டை மறுபடி கழற்றினேன். பச்சையும் மஞ்சளுமான வயர், வளைய லக், அதன் மேல் ஒரு நட். ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, சும்மா, விரலை வைத்துத் திருப்பினேன். கால் சுற்றுத் திரும்பியது.